ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவே

எங்கள் இசைக்குழுவின் முதல் வாத்தியம் ஒரு ஃப்ரீசர். பகிடிக்குச் சொல்லவில்லை. லண்டன் டூட்டிங்கில், மிருதங்க அண்ணையின் சித்தப்பா நடத்தும் பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. அரிசி மூட்டைகளும், போன பொங்கலுக்கு வந்து விற்காமல் போன பானைகளும் வைக்கிற அறை. ஞாயிறு மத்தியானங்களில் அதை எங்களுக்குத் தந்திருந்தார். நேர் கீழே, மீனும் ஆட்டிறைச்சியும் உறைந்து கிடக்கிற நீள ஃப்ரீசர்கள் மூன்று. மூன்றும் ஒரே குரலில் முனகும். அந்த முனகல் பலகைத் தரையால் ஏறி, காலுறையைத் துளைத்து, குதிக்கால் எலும்புக்குள் வந்து குந்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் முனகுவது ஃப்ரீசரா, நம்முடைய முழங்காலா என்று தெரியாமல் போகும்.

முதல் நாளே மிருதங்க அண்ணை படியால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"சித்தப்பா, ஒரு ரெண்டு மணித்தியாலத்துக்கு உதுகளை நிப்பாட்டி வைக்க ஏலுமோ?"

"நிப்பாட்டவோ? நிப்பாட்டினா உள்ள கிடக்கிற விளைமீன் எல்லாம் எழும்பி உங்களோட சேர்ந்து பாடும். பிறகு மணத்துக்குக் கவுன்சில்காரன் வந்து ஆடுவான். பரவாயில்லையோ?"

நாங்கள் நாலு பேர். மிருதங்க அண்ணை எங்களில் மூத்தவர், பகலில் மருந்துக்கடையில் வேலை. வயலின் அக்கா வாசித்துக்கொண்டே பாடவும் கூடியவர். அரங்கேற்றம் முடித்தவர், அன்றைய பட்டுச்சேலைப் படத்தை யாராவது வெளியே எடுத்தால் எரிந்து விழுவார். பேஸ் கிட்டார்காரனுக்கு என் வயது. டென்மார்க்கில் பிறந்து, பதினாறு வயதில் குடும்பத்தோடு லண்டனுக்கு இடம்மாறி வந்தவன். அவன் பேஸின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் இல்லை, வயலினைப் போல வழுக்கி வழுக்கி வாசிக்கலாம். நான் கீபோர்ட். மின்பொறியியல் படித்துவிட்டு, கிடைத்த வேலைகளில் நிலைக்காமல் ஓடிக்கொண்டிருந்தவள்.

சித்தப்பா கடைக்குள் திரும்பிப் போனபிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். வேறு இடம் பார்ப்போம், கம்பளம் விரிப்போம், சத்தமாக வாசித்தால் கேட்காது. வயலின் அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ. ஒருத்தரும் கதையாதேங்கோ."

பொறுத்தோம். அவர் வாயைத் திறக்காமல் மெல்ல ஒரு சுரத்தை எழுப்பினார். அது ஃப்ரீசரின் முனகலைத் தேடிப் போய், கொஞ்சம் மேலே தட்டுப்பட்டு, கொஞ்சம் கீழே தட்டுப்பட்டு, பிறகு இருட்டில் கதவுக் கைப்பிடி அகப்படுவதுபோல அகப்பட்டது. அந்தக் கணத்தில் அறை முழுவதும் ஒரே பொருளால் செய்ததுபோல ஆகிவிட்டது. சுவர், மூட்டை, நான், எல்லாம்.

"ஐஞ்சு கட்டைக்கும் ஐஞ்சரைக் கட்டைக்கும் நடுவில நிக்குது," என்றார் கண்ணைத் திறந்து. கர்நாடக சங்கீதக்காரர் தங்கள் சுருதியை ஆர்மோனியத்தின் கட்டையை வைத்துத்தான் சொல்வார்கள். "என்ர குரலுக்குச் சரியான இடம். பேசாம இதோடயே சேருவம்."

அவருடைய பழைய மின்சாரச் சுருதிப்பெட்டி திருகு வைத்தது. அதைத் திருகி ஃப்ரீசரோடு சேர்த்தார். எனக்கு அதற்குள் கணக்கில் தலை சூடேறிவிட்டது.

"நூறு! கரண்ட் செக்கனுக்கு ஐம்பது தரம் ஆடுது. ஃப்ரீசர் அதின்ர ரெண்டு மடங்கில முனகுது. அதுதான் இந்தச் சத்தம்!"

"தொடங்கிட்டாள்," என்றான் பேஸ்காரன்.

"இல்லையடா, யோசிச்சுப் பார். லண்டன் முழுக்க ஒரே கரண்ட். எல்லாக் கடை ஃப்ரீசரும், ரோட்டில நிக்கிற எல்லா மின்சாரப் பெட்டியும் இதே சுருதி. சவுத்தாலிலயும் இதுதான், உன்ர டென்மார்க்கிலயும் இதுதான்!"

"அப்ப டொரொன்டோ?"

"அங்க அறுபது. அவையின்ர சுருதி வேற."

"அதுதான் அங்க இருக்கிற மாமி ஆக்களோட ஒத்துவருதில்லை," என்றார் மிருதங்க அண்ணை.

என் கீபோர்டையும் ஃப்ரீசருக்கு ஏற்றபடி ஒரு துளி உயர்த்தி வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு நகரத்தில் தனியாக நடப்பது வேறுமாதிரி ஆகிவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் விளம்பரப் பலகைக்குப் பின்னால், கோழிக்கடையின் குளிர்பானப் பெட்டிக்குள், கோலியர்ஸ் வுட் ஸ்டேசன் வாசலில், எங்கும் எங்கள் ஆதார சுருதி. யாரோ இந்தப் பெரிய ஊருக்குக் கீழே ஒரு தம்புராவைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய், மீட்டுவதை நிறுத்த மறந்துவிட்டது போலிருந்தது.

எங்களுடைய சத்தம் அப்படித்தான் பிறந்தது. பேஸ்காரனுக்கு அவன் சின்ன வயதில் டென்மார்க்கில் பக்கத்து வீட்டுக்காரர் பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டியிருந்தார். ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு ஓடுகிற தட்டுகள். அதைப் பற்றிக் கதைக்கும்போது அவனுக்குத் தமிழ் போதாமல் கையால் காற்றில் மலை வரைவான். நான் அவன் பேச்சுக்கு மேலே ஏறிக் கத்துவேன். ஒரு பல்லவி மட்டும் ஒரு மணித்தியாலம் போகலாம், ரொக் போகக் கூடாதா? மிருதங்க அண்ணை பாஸ்மதி மூட்டையின்மேல் குந்தி மிருதங்கத்தை மடியில் வைத்து, வலது காலால் ஒரு பெரிய ட்ரம்மையும் மிதிப்பார். அவர் ஏழு எண்ணிக்கையில் நடப்பார். நான் எட்டில் நடப்பேன். ஐம்பத்தாறாவது தட்டில் சந்திப்போம். அதுவரைக்கும் இரண்டு பேர் வேறு வேறு எட்டு வைத்து ஒரே தெருவில் நடப்பதுபோல இருக்கும். சந்திக்கிற இடத்தில் பேஸ் கீழிருந்து எழும்பி எல்லாரையும் ஒரு போர்வைக்குள் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேலே, சொல் எதுவும் இல்லாமல், அகாரத்தில் அக்காவின் குரல்.

ஒருநாள் சித்தப்பா ரோல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்று கேட்டார். "உதென்ன மாதிரிப் பாட்டு?"

"புறோக்ரெசிவ் ரொக், சித்தப்பா. எக்ஸ்பெரிமென்டல்," என்றேன்.

"ஓ. அப்ப பாட்டு எப்ப தொடங்கும்?"

"தொடங்கிப் பன்ரெண்டு நிமிசம்."

அவர் மிருதங்க அண்ணையைப் பார்த்தார். "நீயும் தெரிஞ்சுதான் இருக்கிறியோ?"

ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கத் தொடங்குமுன் அவர்கள் மூன்று பேரும் சுருதி சேர்ப்பார்கள். அது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிய பழக்கம். பெட்டியைப் போட்டுவிட்டு, அக்கா வயலினின் முறுக்காணியைத் திருகுவார், அண்ணை கல்லால் மிருதங்கத்தின் விளிம்பைத் தட்டுவார், பேஸ்காரன்கூட வீட்டில் அம்மா அனுப்பிய பாட்டு வகுப்பில் பத்து வருடம் இருந்தவன், தலையைக் குனிந்துகொண்டு விரலை நகர்த்துவான். யாரும் கதைக்கக் கூடாது. சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் கால் மணித்தியாலம். என் கீபோர்டுக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை. அது தொழிற்சாலையிலேயே சேர்ந்து வந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போன வேறு சமயத்துப் பிள்ளை மாதிரி இருப்பேன்.

எனக்கும் பாட்டு வகுப்பு இருந்தது. எட்டு வயதில், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிய, அதே ஹோலில். நாலு மாதம் போனேன். பிறகு ஆசிரியை அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். "பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா சுருதி நிக்குதில்லை." கதவு சாத்தியிருக்கவில்லை. அம்மா அடுத்த கிழமை என்னை பியானோவில் சேர்த்துவிட்டார். "அதில கட்டையை அமத்தினாச் சரியான சத்தம் தானா வரும், பிள்ளை," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல் எட்டு வயதிலிருந்து என் காதுக்குள் கிடக்கிறது.

முதல் ஆல்பத்துக்கு மூன்று சின்னப் பாட்டுகளைக் கடைக்கு மேலேயே ஃப்ரீசரோடு சேர்த்துப் பதிந்துவிட்டோம். நாலாவதுதான் பெரியது, இருபத்து மூன்று நிமிடம். ஆல்பத்தின் மற்றப் பாதி முழுக்க அதுதான். ஆரம்பத்தில் வயலின் மூச்சு விடுவதுபோல மெல்லிதாக வரும். அதற்கு ஃப்ரீசர் இடம் தராது. ஆகவே கோலியர்ஸ் வுட்டில், தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற ஹோலை ஒரு ஞாயிறு கேட்டு வாங்கினோம். சுவர் முழுக்க அணில், ஆடு, இலை, ஈ படங்கள். ஜன்னலுக்கு அப்பால் ஆறு. அவ்வளவு அமைதி.

அந்த ஞாயிறு எனக்கு ஷிப்ட். ஆஸ்பத்திரி ஒன்றில், கம்பியூட்டர் பழுதானால் ஃபோன் எடுக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. எவ்வளவு கெஞ்சியும் மாற்ற முடியவில்லை.

"பரவாயில்லையடி," என்றார் அக்கா. "நாங்கள் மூண்டு பேரும் ஒண்டா வாசிச்சுப் பதியிறம். நீ பேந்து உன்ர பகுதியை அதுக்கு மேல வாசி. எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்."

பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. மூன்று பேரும் கத்துகிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்றே விளங்கவில்லை, அண்ணை சிரிப்பது மட்டும் கேட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்து, அனுப்பியிருந்ததைக் கேட்டேன். மழை கண்ணாடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. என் தரிப்பிடம் வந்தது, போனது. நான் இறங்கவில்லை. இருபத்து மூன்று நிமிடமும் அவர்கள் மூன்று பேரும் எங்கோ ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். நித்திரை வரும்போது உடம்பு கட்டிலுக்குள் அமிழுமே, அதுமாதிரி. இதை எப்படி வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் என் கீபோர்டும் இருக்கப் போகிறது என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே நினைவு.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, ஹெட்ஃபோனை மாட்டி, அந்தப் பதிவை ஓடவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். முதல் நிமிடங்கள் தண்ணீருக்குள் கை வைப்பதுபோல இருந்தது. ஆறாவது நிமிடத்தில் ஏதோ புளித்தது. பத்தாவது நிமிடத்தில் என் கை பட்ட இடமெல்லாம் பிழை. நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து. அதே இடத்தில் அதே புளிப்பு. மூன்றாம் தரம் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு இருட்டிக்கொண்டு வந்த அறையில் சும்மா இருந்தேன். வேறு யாராவது என்றால் முதலில் பதிவைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். பிள்ளைக்குச் சுருதி நிக்குதில்லை.

பிறகு படித்த படிப்பு ஞாபகம் வந்து அளந்து பார்த்தேன். பதிவுதான் இறங்குகிறது. தொடக்கத்தில் எங்கள் சுருதி. முடியும்போது ஏறக்குறைய அரைக் கட்டை கீழே. வயலின், குரல், பேஸ், மிருதங்கம், எல்லாம் ஒன்றாக, கை கோத்துக்கொண்டு.

அடுத்த ஞாயிறு கடைக்கு மேலே விசாரணை.

"சுருதிப்பெட்டியின்ர அடப்டர் மைக்குக்குள்ள இரைஞ்சது," என்றான் பேஸ்காரன். "அதைக் கழட்டிப்போட்டுப் பற்றரி போட்டனான்."

"எந்தப் பற்றரி?"

"ஹோல் அலுமாரிக்குள்ள ஒரு டப்பா நிறையக் கிடந்தது."

மிருதங்க அண்ணை தலையில் கை வைத்தார். "டேய், அது பழசைச் சேர்த்து வைக்கிற டப்பாவடா! எறியிறதுக்கு!"

"எனக்கென்ன தெரியும்? டென்மார்க்கில பழசை ஆர் அலுமாரிக்குள்ள வைக்கிறது?"

"பற்றரி செத்துக்கொண்டு போச்சுது, பெட்டி இறங்கிக்கொண்டு போச்சுது," என்றேன். "அது சரி. மூண்டு பேருக்கும் காது எங்க போனது?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அதைவிட மோசமாக ஒரு வெட்கம்.

"காது இருந்தபடியாலதானடி. பெட்டி எங்க போகுதோ அங்க போகத்தானே பழக்கியிருக்கு. நான் ஒருக்காலும் பெட்டியைச் சந்தேகப்பட்டதில்லை."

"நான் நடுவில மூண்டு தரம் கல்லால தட்டி இறக்கினனான்," என்றார் அண்ணை. "ஹீட்டர் சூட்டுக்குத் தோல் இறுகுதாக்கும் எண்டு நினைச்சன்."

கடைக்கு மேலே என்றால் ஃப்ரீசர் காட்டிக் கொடுத்திருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியை அதோடு ஒப்பிட்டுத் திருகுவது அக்காவின் வழக்கம். அமைதியைத் தேடிப் போன இடத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லை. அசையாத சுரம் வைத்திருக்கிற ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

திருத்தப் பார்க்காமல் இல்லை. பேஸ்காரன் கம்பியூட்டரில் முழுப் பாட்டையும் நிமிர்த்திப் பார்த்தான். மிருதங்கம் பிஸ்கட் டின் மாதிரிக் கேட்டது. புதுப் பற்றரியோடு ஹோலுக்குத் திரும்பப் போய் மறுபடி பதிந்தோம், இந்தத் தரம் நானும் கூட. எல்லாச் சுரமும் அதனதன் இடத்தில் இருந்தது. பரீட்சை எழுதியது போலிருந்தது. கேட்டு முடித்தபோது ஜன்னலுக்கு வெளியே வாத்து ஒன்று கத்தியது, அதுதான் அன்றைக்குச் சுவாரசியமான சத்தம்.

"முதலாவதுதான்," என்றார் அக்கா கடைசியில். அவர் அதை என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஓம்," என்றார் அண்ணை. அவரும் பார்க்கவில்லை.

பேஸ்காரன் பார்த்தான். அவனுக்கு ஒளிக்கத் தெரியாது. "கீபோர்ட் இல்லாமலும் அது…" என்று தொடங்கி, நிறுத்தி, பேஸின் கழுத்தைத் துணியால் துடைக்கத் தொடங்கினான்.

அவன் சொன்னது உண்மை. அது இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது. நான் ஒன்றரை வருடம் வாசித்த குழுவின் முதல் ஆல்பத்தில், அதன் பெரிய பாட்டில், நான் இருக்க மாட்டேன். அது யாருடைய சதியும் இல்லை. கட்டையை அமத்தினால் சரியான சத்தம் தானாக வருகிற வாத்தியத்துக்கு அந்தப் பாட்டுக்குள் போக வழியில்லை.

"ரெண்டு கிழமை தாங்கோ," என்றேன்.

"என்ன செய்யப்போறாய்?"

"தெரியேல்லை. தாங்கோ."

முதல் கிழமை பேஸ்காரன்தான் உதவிக்கு வந்தான், குற்ற உணர்ச்சியில். சுருதிப்பெட்டியின் இறக்கத்தை அளந்து, கம்பியூட்டரில் ஒரு கோடாக வரைந்து, என் கீபோர்டை அந்தக் கோட்டின்படி இறங்க வைத்தான். அளவில் பிழையே இல்லை. ஆனால் கேட்டால், ஒரே அறையில் மூன்று பேர் படுத்திருக்க நாலாவது ஆள் சப்பாத்தோடு நிற்பது போலிருந்தது. பெட்டி இறங்கிய பிறகுதான் அவர்கள் இறங்கியிருக்கிறார்கள். சில இடத்தில் அக்கா மறுத்திருக்கிறார், ஒரு மூச்சு அளவு மேலேயே நின்றுவிட்டுப் பிறகு விட்டுக்கொடுத்திருக்கிறார். கோட்டுக்கு அது தெரியாது.

கீபோர்டின் இடது ஓரத்தில், சுரத்தை வளைக்க ஒரு சின்னச் சில்லு, பெருவிரலால் உருட்டுகிற சக்கரம், இருக்கும். முன்னால் தள்ளினால் சுரம் ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். உள்ளே சுருள்வில் வைத்தது. கையை எடுத்தால் பழைய இடத்துக்கே துள்ளி வந்துவிடும். கிட்டார்காரர் மாதிரிச் சும்மா ஒரு நெளிவு காட்டத்தான் எல்லாரும் அதைத் தொடுவார்கள். அதை இருபத்து மூன்று நிமிடம் பெருவிரலால் பிடித்து, மயிரிழை மயிரிழையாகப் பின்னால் இழுத்தால்?

இடது கை அதிலேயே போய்விடும். ஆகவே என் பகுதியில் பாதியை வெட்டினேன். எட்டு எண்ணிக்கையில் ஓடுகிற ஓட்டங்கள், நான் பெருமைப்பட்ட இரண்டு கைக் கோர்வைகள், எல்லாம் போயின. வலது கைக்கு நீளமான, நிதானமான சுரங்கள் மட்டும் மிஞ்சின. முதலில் அழுகை வந்தது. நாலாம் நாள் அதுவே நன்றாக இருந்தது.

சில்லு எளிதில் பிடிபடவில்லை. அதைப் பார்த்து இழுக்க முடியாது. கணக்குப் போட்டு இழுக்க முடியாது. அவசரப்பட்டால் முந்திவிடும், என் சுபாவத்துக்கு அது ஒவ்வொரு முறையும் முந்தியது. நோர்தேர்ன் லைனில் நின்றுகொண்டு, கால்சட்டைப் பைக்குள் பெருவிரலை இழுத்து இழுத்துப் பழகினேன். சுரங்கத்துக்குள் ரயில் வேகம் குறையும்போது அதன் ஊளையும் மெல்ல மெல்ல இறங்கும். அதோடு சேர்ந்து இறங்கிப் பார்ப்பேன். ஒருமுறை கண்ணை மூடி அப்படி நின்றபோது, முன்னால் இருந்த பெண் எனக்கு இருக்கையைத் தந்தாள்.

வீட்டில் அம்மா கதவைத் தட்டினார். "என்னடி, ஒரே சத்தத்தை ஒரு மணித்தியாலமா அமத்திக்கொண்டிருக்கிறாய்? பழுதாப் போச்சோ?"

"சுருதி சேர்க்கிறன் அம்மா."

கதவின் கைப்பிடி பாதி திரும்பி, திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தது. பிறகு, "சரி, சேர்த்துப்போட்டுச் சாப்பிட வா," என்றார்.

குறித்த ஞாயிறு வந்தது. கீபோர்டுக்கு மைக் வேண்டாம், நேரே கம்பியூட்டருக்குள் கம்பி போகும், ஆகவே ஃப்ரீசர் இருந்தாலும் பரவாயில்லை என்று கடைக்கு மேலேயே வைத்துக்கொண்டோம். மத்தியான வெயில் ஜன்னலால் சரிந்து அரிசி மூட்டைகளில் விழுந்திருந்தது. கொத்தமல்லித் தூள் வெளிச்சத்தில் மிதந்தது. அக்கா பானை ஒன்றைத் தள்ளிவிட்டுச் சுவரோடு சாய்ந்து குந்தினார். அண்ணை தன் மூட்டையில், மிருதங்கம் இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். பதிவை ஸ்பீக்கரில் போட, பேஸ்காரன் கம்பியூட்டருக்கு முன்னால்.

"தொடங்குவமோ?" என்றான்.

"கொஞ்சம் பொறு," என்றேன். "ஒருத்தரும் கதையாதேங்கோ."

நான் சொல்லி அவர்கள் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை. கண்ணை மூடினேன். ஒரு சுரத்தை அமத்தி ஃப்ரீசரின்மேல் வைத்தேன். ஏற்கெனவே சேர்ந்திருந்த சுரம்தான், ஒன்றும் திருக வேண்டியதில்லை. ஆனாலும் இருந்தேன். கால் வழியாக அது ஏறி வரும்வரை இருந்தேன். பிறகு தலையை அசைத்தேன்.

வாசித்த இருபத்து மூன்று நிமிடத்தில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். ஆறாவது நிமிடம் தாண்டியது தெரியவில்லை, புளிப்பு வராததால்தான் தாண்டியிருக்கிறோம் என்று பிறகு விளங்கியது. அக்கா அந்த மறுத்து நின்ற இடத்தில் நானும் அவரோடு நின்றேன், அவர் விட்டுக்கொடுத்தபோது நானும் விட்டேன். பேஸ் எழும்பி வந்து போர்வையைப் போர்த்தியது. ஒரு படிக்கட்டில் இறங்குகிறோம், படி எதுவும் இல்லை. வெயில் மூட்டையிலிருந்து தரைக்கு நகர்ந்திருந்தது. எங்கள் காலுக்குக் கீழே ஃப்ரீசர் தன் இடத்திலேயே நிற்க, நாங்கள் அதைவிட்டு விலகி, அரைக் கட்டை ஆழத்தில், வேறு ஒரு லண்டனில் போய்க்கொண்டிருந்தோம்.

இருபதாவது நிமிடத்தில் பெருவிரல் மரத்துவிட்டது. பதிவில் மிருதங்கம் கடைசித் தட்டைத் தட்டி ஓய்ந்தது. பேஸ் ஓய்ந்தது. அக்காவின் குரல் மெலிந்து வயலினுக்குள் போனது, வயலின் ஒன்றுக்குள்ளும் போகாமல் மறைந்தது. என்னுடைய கடைசிச் சுரங்கள் மூன்றும் மட்டும் நின்றன. அவை தேய்ந்து முடியும்வரை சில்லைப் பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

பெருவிரல் கேட்கவில்லை. வழுக்கியது.

வில் சில்லைத் தூக்கியது. ஆனால் என் உணர்ச்சியில்லாத விரல் அதன்மேல் இன்னும் உரசிக்கொண்டிருந்ததால் அது துள்ளவில்லை, எழும்பியது. மூன்று சுரங்களும் அந்த ஆழத்திலிருந்து ஒன்றாக ஏறி வந்தன. நான் பயந்து கையை எடுக்காமல் அப்படியே அமத்திக்கொண்டிருந்தேன். அவை ஏறி ஏறி, தொடங்கிய இடத்துக்கு வந்து, அங்கே கீழே இருந்து வந்துகொண்டிருந்த முனகலோடு சேர்ந்தன. அக்காவின் தலை நிமிர்ந்தது. கீபோர்ட் தேய்ந்துகொண்டே போனது. ஃப்ரீசர் தேயவில்லை. எது எங்கே முடிந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

பேஸ்காரனின் விரல் நிறுத்தும் பொத்தானுக்கு மேலே நின்றது. அமத்தவில்லை. அண்ணை வாயைப் பாதி திறந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியடியில் சித்தப்பாவின் குரல் கேட்டது. "பிள்ளையள், முடிஞ்சுதோ? தேத்தண்ணி கொண்டரவோ?"

பிறகு வயலின் அக்கா, என்னிலிருந்து கண்ணை எடுக்காமல், படியை நோக்கி மெல்லச் சொன்னார்.

"எங்களுக்குத் தெரியேல்லை, சித்தப்பா. இவளைத்தான் கேக்கவேணும்."

நான் காது கொடுத்துக் கேட்டேன். மரத்துப்போன பெருவிரலுக்குள் இரத்தம் ஊசி ஊசியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"இன்னும் முடியேல்லை," என்றேன்.